படை முந்தியோ? நாடு முந்தியோ?

"மண் முந்தியோ, மங்கை முந்தியோ?" இராமநாதபுரத்துப் பக்கம் போனால் பெரியவர்கள் வாயில் இந்தப் பேச்சு இன்றும் புழங்கக் கேட்கலாம். மண் தோன்றியது முதலா, உத்தரகோசமங்கை தோன்றியது முதலா என்று கேட்கிறார்கள்! ஊர்ப் பெருமை பேசுவோருக்கு அளவுகோல் ஏது? அவ்வூர்க் கோயிலில் மரகதத்தாலான ஆடவல்லான் சிலை ஒன்று உண்டு. ஆண்டு முழுதும் அதன்மீது சந்தனம் பூசி மூடிவைத்திருப்பார்கள். மார்கழித் திருவாதிரையின்போது மட்டும் பூச்சைக் களைவார்கள். பச்சை நிறம் பளிச்சிடும். பார்க்க ஊர் திரளும்.

நாம் அந்த ஊருக்குச் சென்றது சிலை காண அல்ல. நண்பர் இல்லத் திருமணத்தில் வாழ்த்திப் பேச. முதல்நாள் இரவே போய்ச் சேர்ந்துவிட்டோம். விடியற்காலையில் உறக்கம் கலைந்து சாலைப் பக்கம் வந்தால், இருள் பிரியாத அந்த நேரத்தில் தடதடவென்று காலடி ஓசை! பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள், இருபுறமும் சீமைக் கருவேல் மண்டிய சாலையில், மூச்சிரைக்க ஓடி வருகிறார்கள். டீக்கடை வாசலில் முறுக்கு மீசைப் பெரியவர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "இன்னும் அரை நிமிசம் குறையணும்டா தம்பிகளா!" என்று குரல் கொடுக்கிறார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவராம். ஆள்சேர்ப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பயிற்சி கொடுக்கிறார்.

பெஞ்சில் வந்து சாய்ந்த இளைஞன் ஒருவன் நம்மை அடையாளம் கண்டுகொண்டான். "அண்ணே, மேடையில பேசுறவங்கதானே நீங்க? ஒண்ணு கேக்கணும். தெக்கத்தி ஆளுக சண்டைக்கு லாயக்கில்லைன்னு சொல்லி ஒரு காலத்துல நம்ம பட்டாளத்தையே கலைச்சுப்புட்டாங்களாமே, நெசமாண்ணே?"

பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டே, "நீங்க சொல்லுங்கய்யா. நான் சொன்னா கதைங்கிறானுக" என்றார்.

சொன்னோம். டீ ஆறிப்போகும்வரை சொன்னோம். அங்கே விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். அந்தத் தம்பி கேட்டது, மண்ணா மங்கையா என்பதைவிடப் பெரிய கேள்வி. நம் வரலாற்றின்மீது பூசி வைத்திருக்கும் பூச்சைக் களைந்து பார்த்தால்தான் விடை தெரியும்.

✶

இந்தியா விடுதலை பெற்றது 1947இல். மதராஸ் ரெஜிமெண்ட் தன் பிறப்பைக் கணக்கிடுவதோ 1758 முதல்! இன்றைய இந்தியப் படையின் காலாட்படைப் பிரிவுகளில் மூத்தது அதுதான். ஆக, படைதான் முந்தியது, நாடு பிந்தியது. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். நாடே உருவாகாத காலத்தில் அந்தப் படை யாருக்காகப் போரிட்டது? யாருடைய சோற்றைத் தின்றது? யார்மீது சுட்டது? அங்கேதான் இருக்கிறது சங்கதி!

1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மீட்பதற்கு ஆர்க்காட்டு நவாபு பத்தாயிரம் பேர் கொண்ட படையை அனுப்பினார். அடையாற்றங்கரையில் அந்தப் பெரும் படையைச் சுமார் ஆயிரம் பேர் கொண்ட பிரெஞ்சுப் படை சிதறடித்தது. அந்த ஆயிரத்திலும் பெரும்பாலோர் வெள்ளையரல்லர். வெள்ளையரிடம் அணிவகுப்புப் பழகிய நம் நாட்டுச் சிப்பாய்கள்! எண்ணிக்கை தோற்றது, பயிற்சி வென்றது. இந்தப் பாடத்தை ஆங்கிலக் கும்பினி மறக்கவில்லை. 1748இல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்ற தளபதி கடலூர்க் கோட்டைக்கு வந்து இறங்கினார். கிடங்குக்கும் கோட்டைக்கும் காவல் நின்ற ஆட்களை ஒன்றுதிரட்டி அணியாக்கினார். 1758இல் அந்த அணிகள் பட்டாலியன்களாக உருப்பெற்றன. அதுதான் மதராஸ் பட்டாளம்.

நம் மக்கள் ஏன் போய்ச் சேர்ந்தார்கள்? வெள்ளையன்மீது காதலா? இல்லை. பாளையக்காரரிடமும் நவாபிடமும் சம்பளம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. கும்பினி மாதாமாதம் எண்ணிக் கொடுத்தது. மானாவாரி நிலத்தில் மழையை எண்ணி வாழ்ந்தவனுக்கு மாதச் சம்பளம் வானத்து அமுதம்! தமிழர், தெலுங்கர், இசுலாமியர், ஒடுக்கப்பட்டோர் எனப் பலரும் சேர்ந்தனர். ஊரில் ஒதுங்கி நடக்க வேண்டியிருந்தவன் அணியில் தோளோடு தோள் உரச நின்றான்.

ஆனால், அணியின் தலைமையில்? வெள்ளையன்! சுபேதாருக்குமேல் நம்மவர் ஏற ஏணி இல்லை. நேற்றுக் கப்பலில் வந்து இறங்கிய மீசை முளைக்காத துரைக்கும், இருபதாண்டு போர் கண்ட சுபேதார் கைகட்டி நிற்க வேண்டும்.

✶

அந்தப் படையின் தொடக்க காலத்திலேயே பேர் விளங்கிய மாவீரன் யார் தெரியுமா? இராமநாதபுரச் சீமையின் பனையூரில் பிறந்தவன்! மருதநாயகம் என்றும் கான்சாகிபு என்றும் மக்கள் வழங்கும் யூசுப்கான்தான் அவன். லாரன்சிடம் போர்முறை பழகிக் கும்பினிச் சிப்பாய்களுக்கெல்லாம் தலைவனானான். 1758–59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று அவனுடைய உணவு வரும் வழிகளையெல்லாம் வெட்டி அலைக்கழித்தான். பிறகு மதுரைச் சீமையைக் கும்பினிக்காக அடக்கினான், புலித்தேவனையும் எதிர்த்தான். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்! சொந்த மண்ணின் வீரர்களை மாற்றானுக்காக வென்று கொடுத்த கை அது.

பிறகு அவன் கண் திறந்தது. 1763இல் நவாபுக்கும் கும்பினிக்கும் எதிராகக் கொடி தூக்கினான். எந்தக் கும்பினிக்கு வென்று கொடுத்தானோ, அதே கும்பினியின் படை அவனை முற்றுகையிட்டது. உடனிருந்தவர்களே காட்டிக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிட்டார்கள். தான் பழக்கிய பட்டாளத்தின் முன்னிலையில் தூக்குக்கயிறு! அவன் வாழ்வில் அந்தப் படையின் வரலாறு முழுதும் அடங்கிவிட்டது.

அவனோடு முடிந்ததா? 1772இல் ஜோசப் ஸ்மித்தின் படை இராமநாதபுரக் கோட்டையைப் பிடித்தது. இளம் சேதுபதி முத்துராமலிங்கரையும் அவர் தாயையும் திருச்சியில் சிறை வைத்தது. பின்னாளில் அரியணை ஏறிய அந்தச் சேதுபதியை 1795இல் மீண்டும் இறக்கினார்கள்; 1809இல் சென்னைக் கோட்டையில் கைதியாகவே அவர் உயிர் பிரிந்தது. 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன், 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் என ஒவ்வொருவராய்த் தூக்குமேடை ஏறினார்கள். அந்தக் காலத்தில் கும்பினிக்குத் தோள் கொடுத்தவர்கள் யார்? நம்மவரே! கோட்டைக்குள்ளும் தமிழன், கோட்டைக்கு வெளியிலும் தமிழன், பீரங்கிக்குப் பின்னே துரை!

கடல் கடந்தும் கொண்டுபோனார்கள். 1762இல் மணிலாவைப் பிடிக்கச் சென்னையிலிருந்து சிப்பாய்கள் போனார்கள். திரும்பாமல் தங்கியவர்களின் வழிவந்தோர் அந்நாட்டின் கைந்தா என்ற ஊரில் உண்டு. 1811இல் ஜாவா, 1824இல் பர்மா, 1841இல் சீனம். சீனாவில் மே மாத மழையில் 37ஆவது மதராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனி வழி தவறிப் பெருங்கூட்டத்தால் சூழப்பட்டது. மருந்து நனைந்து துப்பாக்கி சுடவில்லை. சதுரமாக அணிவகுத்து, ஈட்டிமுனையை நீட்டி, உதவி வரும்வரை அசையாமல் நின்றார்கள். அந்தப் பிரிவுக்குக் 'கிரெனடியர்' என்ற பட்டம் கிடைத்தது. வீரம் பெரிது, ஐயமில்லை. போர் எதற்கு? சீனன் அபினி வாங்க மறுத்ததற்கு! வீரன் நம்மவன், வியாபாரம் அவர்களுடையது!

✶

ஆனால், சிப்பாய் வெறும் துப்பாக்கி தாங்கியல்லன், மானமுள்ள மனிதன். அதை வேலூர் சொன்னது.

1805 நவம்பரில் ஓர் ஆணை பிறந்தது. நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, மீசையை மேலிடம் சொல்கிறபடி வெட்ட வேண்டும், தோல் வைத்துத் தைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். எதிர்த்துப் பேசியவர்களில் இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி. ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம். குறியை நம்புகிறவர்களல்லர் நாம். ஆனால், ஒருவன் நெற்றியில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவன் அறிவு தீர்மானிக்க வேண்டுமே தவிர, துரையின் கசை தீர்மானிக்கக் கூடாது! தலைப்பாகை வெறும் சாக்கு. உள்ளே கனன்றது குறைந்த சம்பளமும் அடைபட்ட பதவி உயர்வும் அன்றாட அவமானமும்.

1806 ஜூலை 10 விடியலுக்குமுன் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. மீரட்டுக்கு 51 ஆண்டு முன்னால்! நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளையர் மடிந்தனர். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப் படையோடு கில்லெஸ்பி வந்து சேர்ந்தான். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. முன்னூறுக்கு மேற்பட்ட சிப்பாய்கள் கொன்று குவிக்கப்பட்டனர். பிடிபட்டவர்களில் சிலரைப் பின்னர்ப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். கிளர்ந்தெழுந்த மூன்று பட்டாலியன்களின் பெயரையே பட்டியலிலிருந்து அழித்தார்கள். ஆளுநர் பெண்டிங்கையும் திருப்பி அழைத்தார்கள்.

படையின் வரலாறு எழுதுவோர் வெற்றிகளை வரிசைப்படுத்துவர். நம் கணக்கில் வேலூரும் அந்தப் படையின் வெற்றிதான். முதன்முதலாக அது தனக்காகச் சுட்ட நாள் அது!

✶

இனி, டீக்கடைத் தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம்.

1857இல் மதராஸ் படையில் 52 காலாட்படைப் பிரிவுகள் இருந்தன. அந்த ஆண்டு வடக்கே எழுந்த கிளர்ச்சியில் அவை பெரும்பாலும் சேரவில்லை. சேராதவனுக்குப் பரிசு என்ன கிடைத்தது? கத்தரிக்கோல்! 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ், பிறகு 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைவரானார். 'போர்க்குலம்' என்றொரு கொள்கையை அவர் வளர்த்தார். சில குலத்தார் பிறவியிலேயே வீரர்களாம். சில குலத்தார் பிறவியிலேயே உதவாதவர்களாம்! குளிர்நாட்டான் போர்க்குலம், வெயில்நாட்டான் சோம்பல் குலம்! தெற்கே ஆள்சேர்ப்பு சுருங்கியது. ஒவ்வொரு பிரிவாகக் கலைத்தார்கள். அல்லது பெயரைத் தெற்கில் வைத்துக்கொண்டு ஆளை வடக்கில் எடுத்தார்கள். 1922இல் எஞ்சியிருந்தவற்றைச் சேர்த்து மூன்றாவது மதராஸ் ரெஜிமெண்ட் என்றார்கள். சிக்கனம் என்று சொல்லி 1928க்குள் அதன் நிரந்தரப் பட்டாலியன்களையும் கலைத்து முடித்தார்கள். ஐம்பத்திரண்டு, சுழி ஆயிற்று!

ஆம் தம்பி, நிசம்தான். கலைத்தார்கள்.

"டாங்கா நகரில் தோற்றார்களே!" என்பார்கள். மறுக்கவில்லை. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில், 63ஆவது பாளையங்கோட்டைப் படை ஜெர்மானியர் முன் நிலைகுலைந்து ஓடியது. ஆனால், கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டுமல்லவா? ஆண்டுக்கணக்கில் போரே காட்டாமல், பயிற்சியும் கருவியும் கவனிக்காமல் வைத்திருந்து, கப்பலில் வாரக்கணக்கில் அடைத்து, கரையிறங்கியதும் எந்திரத் துப்பாக்கிக்கு முன் தள்ளினார்கள். அதே களத்தில் 13ஆவது ராஜபுத்திரர் படையும் சிதறி ஓடியது. அவர்கள் 'போர்க்குலம்' ஆயிற்றே! குலம் அங்கே கைகொடுக்கவில்லையே, ஏன்? ராஜபுத்திரர் கோழைகள் என்று நாம் சொல்ல மாட்டோம். வீரத்தைப் பிறப்பு தருவதில்லை. பயிற்சியும் தலைமையும் பக்கத்தில் நிற்பவன்மீதுள்ள நம்பிக்கையும் தருகின்றன என்று மட்டும் சொல்வோம்.

போர்க்குலக் கொள்கை வெள்ளையன் கண்டுபிடிப்பா? அவன் புதிதாக என்ன கண்டான்! பிறப்பால் ஒருவனுக்கு அறிவு, பிறப்பால் ஒருவனுக்கு வாள், பிறப்பால் ஒருவனுக்கு ஏவல் என்று மனு வகுத்ததற்குத் துரைமார் எழுதிய உரையே அது! அந்த உரை எங்கெல்லாம் பாய்ந்தது தெரியுமா? மராட்டியத்தில் மகர் மக்களுக்கு 1890களில் படைக்கதவைச் சாத்தினார்கள். அண்ணல் அம்பேத்கரின் தந்தை அந்தப் படையில் சுபேதாராக இருந்தவர் என்பதை மறக்கக் கூடாது. இராமநாதபுரத்திலோ இன்னும் வேடிக்கை! எந்தச் சீமையின் மறவர் வீரத்துக்கு அஞ்சிக் கும்பினி கோட்டைகளை இடித்ததோ, அந்தச் சீமையின் மக்களையே 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து பிறவிக் குற்றவாளிகள் ஆக்கினார்கள். கைரேகை, காவல் நிலையத்தில் இரவுப் படுக்கை! ஒருவன் பிறவி வீரன். ஒருவன் பிறவிக் கோழை. ஒருவன் பிறவித் திருடன்! தொட்டிலிலேயே தலையெழுத்தை எழுதிவிடும் அந்தத் திமிருக்கு எத்தனை பெயர் இருந்தாலும் வேர் ஒன்றுதான்.

✶

காலம் விடை சொல்லாமல் விடுமா? 1939இல் போர் மூண்டது. ஜப்பானியர் பர்மாவரை வந்தார்கள். போர்க்குலங்களிலிருந்து மட்டும் ஆள் எடுத்தால் எண்ணிக்கை நிரம்பவில்லை. "நீ லாயக்கில்லை" என்று விரட்டியவர்களே வாசலில் வந்து நின்றார்கள். 1941–42இல் மதராஸ் ரெஜிமெண்ட் மறுபிறப்பெடுத்தது. மகர் ரெஜிமெண்ட் உருவானதும் 1941இல்தான். உதவாதவன் என்று தள்ளப்பட்டவன் பர்மாக் காடுகளில் நின்று போரிட்டான்.

ரெஜிமெண்டைக் கலைத்த நாட்களிலும் கலையாமல் இருந்தது மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை. அதில் சுபேதார் சுப்பிரமணியன் என்றொரு தமிழர். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி ஒன்று வெடிக்கப்போவதை உணர்ந்ததும், தோழர்களைக் காக்க அதன்மேல் தம் உடலையே போட்டார். ஜார்ஜ் சிலுவை விருது அவர் இறந்தபின் வந்தது. எந்தப் போர்க்குலம் அவருக்கு அதைக் கற்றுக் கொடுத்தது?

அதே காலத்தில் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு விடை! மலேயா இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் திரண்டார்கள். கூலி என்று பெயர் சூட்டப்பட்டவன் கையில் துப்பாக்கி! லட்சுமியின் தலைமையில் ஜான்சிராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் நின்றார்கள். பெண்ணுக்கு எந்தச் சாத்திரம் போர்க்குலம் என்று எழுதியிருந்தது?

✶

விடுதலைக்குப் பின் அந்தப் பட்டாளம் நம்முடையதாயிற்று. 1947 முதல் அதன் தலைமையிடம் நீலகிரியின் வெலிங்டன். அந்தப் பெயரும் ஒரு கதை சொல்லும். 1803 செப்டம்பர் 23 அன்று அசாயே என்ற இடத்தில் தன்னினும் பலமடங்கு பெரிய மராட்டியப் படையை வென்ற வெல்லெஸ்லிதான், பின்னாளில் வெலிங்டன் பிரபு. அந்தப் போரில் மடிந்து வெற்றி தந்தவர்களில் மதராஸ் சிப்பாய்கள் ஏராளம். தளபதிக்கு ஊரே பெயராயிற்று. சிப்பாய்க்குக் கிடைத்தது ஒரு யானைச் சின்னம்! ஆனாலும் அந்த யானையை நம் வீரர்கள் விடவில்லை. இன்றும் இரு வாள்களுக்கு நடுவே அதுதான் அவர்கள் சின்னம்.

திருவிதாங்கூர், கொச்சி, மைசூர் மன்னர்களின் படைகளும் இந்த ரெஜிமெண்டில் வந்து கலந்தன. 1741இல் குளச்சல் கடற்கரையில் ஐரோப்பிய வல்லரசான டச்சுக்காரரை வீழ்த்திய திருவிதாங்கூர்ப் படையின் மரபும் அதோடு சேர்ந்தது. குளச்சலில் அதன் வெற்றித்தூண் இன்றும் நிற்கிறது. சிறைப்பட்ட டச்சுத் தளபதி டி லனாயையே ஆசானாக்கித் திருவிதாங்கூர் தன் படையைப் பழக்கியது. மறுபடியும் பயிற்சிதான்!

பெயரைக் கவனியுங்கள். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று அண்ணா பெயர் சூட்டினார். 1969 முதல் அது நடைமுறை. தலைநகரும் 1996இல் சென்னையாயிற்று. ரெஜிமெண்ட் மட்டும் இன்றும் 'மதராஸ்'தான். ஏன்? அது தமிழனுக்கு மட்டும் உரியதன்று. தமிழன், மலையாளி, கன்னடன், தெலுங்கன் எல்லாரும் ஒரே பாசறையில் உண்டு உறங்குகிறார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளான மொழிகள் மேடையில் சண்டையிட்டுக்கொண்டாலும், பதுங்குகுழியில் ஒன்றாக மூச்சுவிடுகின்றன. சாதி கேட்டு ஆள் எடுப்பதும் அங்கே இல்லை. அந்தப் படைவீரர்களை இந்தியப் படை முழுதும் எப்படி அழைக்கிறது தெரியுமா? 'தம்பி' என்று! காஷ்மீரத்துப் பனியிலும் "தம்பிகள் வந்துவிட்டார்கள்" என்றால் மதராஸ் ரெஜிமெண்ட் வந்துவிட்டது என்று பொருள். நம் இயக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் ஈரம் நமக்குத் தெரியும். அது பனிமலையிலும் காயாமல் இருக்கிறது என்பதில் நமக்குப் பெருமை.

"வீர மதராசி! அடி கொல்லு! அடி கொல்லு! அடி கொல்லு!" என்பது அவர்களின் போர்முழக்கம். டீக்கடைப் பெரியவர் அதை ஒரு தரம் முழங்கிக் காட்டினார். கூரைமேல் இருந்த காக்கைகள் பறந்தன!

முழக்கம் நம் மொழி. ஆனால், குறிக்கோள் வாசகம் வடமொழி! கீதையிலிருந்து எடுத்தது. கடமையில் மடிவதே பெருமை என்று பொருள் சொல்வார்கள். மூலத்தில் அந்தக் கடமை எது? பிறந்த வருணத்துக்கு விதித்த கடமை! "பிறப்பால் நீ வீரனல்லன்" என்று கலைக்கப்பட்ட படை, பிறப்புக்கேற்ற தொழில் செய் என்ற நூலின் தொடரைத் தோளில் தாங்கி நிற்பது வரலாற்றின் கேலிதான். ஆனால், எழுத்தைவிடச் செயல் பெரிது. 1971 டிசம்பரில் பசந்தர் ஆற்றங்கரையில், திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்த 16ஆவது மதராஸ், ஆற்றைக் கடந்து இடம் பிடித்து, எதிர்த்தாக்குதல்களைத் தாங்கி நின்றது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் காய் அங்கேயே உயிர் கொடுத்தார்; மகாவீர் சக்கரம் அவர் மறைவுக்குப் பின் வந்தது. அந்தக் களத்தில் நின்றவர்கள் எந்த வருணத்துக் கடமையைச் செய்தார்கள்? தாங்களே தேர்ந்துகொண்ட கடமையைச் செய்தார்கள். வாசகத்தின் பொருளையே குருதியால் திருத்தி எழுதினார்கள்!

✶

இனிப் பழம்பெருமையை நிறுத்திவிட்டு, அந்தச் சாலைக்குத் திரும்புவோம். ஓடிவந்த பிள்ளைகளுக்கு நாடு என்ன வைத்திருக்கிறது?

2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில், கல்லும் கழியுமாய் நடந்த மோதலில் மடிந்த இருபது பேரில் ஒருவர் அவில்தார் பழனி. பீரங்கிப் படைக்காரர். திருவாடானை வட்டம் கடுக்கலூர்க்காரர். இதே இராமநாதபுரம் மாவட்டம். அவருக்கு வீர் சக்கரம் வழங்கினார்கள். அவர் படம் இப்பக்கத்து இளைஞர் நெஞ்சில் இருக்கிறது.

ஆனால், இன்னொரு பெயரும் நினைவுக்கு வருகிறது. பட்டாளத்தில் பணிசெய்து திரும்பியவர் இம்மானுவேல் சேகரன். அணியில் நிமிர்ந்து நின்றவர், ஊரில் குனிய மறுத்தார். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றார்கள். எல்லையில் பகைவனால் முடியாததைச் சொந்த ஊரின் சாதிவெறி செய்தது. பட்டாளத்துக்காரன் பெட்டியில் சீருடையைக் கொண்டுவருகிறான். அங்கே பழகிய சமத்துவத்தையும் கொண்டுவருகிறான். சீருடைக்கு மாலை போடும் ஊர், சமத்துவத்தையும் வாசலுக்குள் விட வேண்டாமா?

அடுத்தது, அரசுக்கு ஒரு சொல். 2022 ஜூனில் ஒன்றிய அரசு அக்னிபத் திட்டத்தை அறிவித்தது. சேர்பவனுக்கு நான்காண்டுப் பணி. நால்வரில் ஒருவர் வரைதான் நிரந்தரம், மற்றவர்கள் ஒரு தொகையோடு வீடு திரும்ப வேண்டும், ஓய்வூதியம் இல்லை. சிக்கனம் என்கிறார்கள், இளமை என்கிறார்கள். 1920களிலும் சிக்கனம் என்றுதான் சொன்னார்கள்! ரெஜிமெண்ட் என்பது கட்டடமன்று. பக்கத்தில் நிற்பவனை ஆண்டுக்கணக்காய் அறிந்த பழக்கம். சீனத்து மழையில் துப்பாக்கி சுடாதபோதும் சதுரம் கலையவில்லை என்றால், அது அந்தப் பழக்கத்தின் வலிமை. பழகி முடிக்கும் நேரத்தில் முக்கால்வாசிப் பேரை வெளியே அனுப்பினால், யானைச் சின்னம் இருக்கும். யானைப் பலம் இருக்குமா?

அந்தப் பெரியவர் இதை நம்மைவிடச் சுருக்கமாகச் சொன்னார். "எனக்குப் பென்சன் வருது. அதனாலதான் இவனுகளுக்குக் காசு வாங்காம சொல்லிக் கொடுக்குறேன். இவனுக திரும்பி வந்தா, அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுக்க இவனுககிட்ட என்னய்யா இருக்கும்?"

நமக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

தம்பியிடம் மட்டும் ஒன்று சொன்னோம்: "உன் முன்னோரைக் கலைத்தவர்கள் வீரம் இரத்தத்தில் இருக்கிறது என்றார்கள். இல்லை தம்பி. அது இந்தச் சாலையில் இருக்கிறது. நாளைக் காலையும் நீ எழுந்து ஓடுவதில் இருக்கிறது. நீ எந்தத் தெருவில் பிறந்தாய் என்று கேட்காமல் பக்கத்தில் ஒருவன் ஓடுகிறானே, அவனோடு சேர்ந்து ஓடுவதில் இருக்கிறது."

அவன் சிரித்தான். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பேச்சு போதும், இன்னொரு சுத்து!" என்றார். டீத் தம்ளர்களை வைத்துவிட்டுப் பிள்ளைகள் எழுந்தார்கள். கோபுரத்தின் பக்கம் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

படை முந்தியோ, நாடு முந்தியோ? இரண்டுமல்ல! மனிதன் முந்தி. அவன் மானம் முந்தி. அதை மதிக்கிற நாட்டுக்குத்தான் படை சொந்தம்.